மலையிலிருந்து இறங்குபவருக்கு என்சிஎம்சி அட்டை: நல்ல அட்டை, எரிச்சலூட்டும் டாப்-அப்

பெங்களூரில் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, மெட்ரோவுக்கு அந்த என்சிஎம்சி அட்டை (நேஷனல் காமன் மொபிலிட்டி கார்டு, பல ஊர் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் செல்லும் ஒரே அட்டை) வாங்கிக் கொடுக்கலாமா என்று குன்னூரில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். மகளுக்குத் தாராளமாக வாங்கலாம். தினமும் மெட்ரோவில் போகிறவருக்கு நான் கீழே புலம்பப்போகும் தொல்லை கிடையாது. அக்காவுக்கும் சேர்த்து ஒன்று வாங்கலாமா என்றால், அங்கேதான் யோசிக்க வேண்டும்.

2019 மார்ச்சில் ‘ஒரே நாடு ஒரே அட்டை’ என்று வந்ததுதான் இது. சென்னையில் 2023 ஏப்ரலிலிருந்து சிங்கார சென்னை அட்டை என்ற பெயரில் கிடைக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து எம்டிசி மாநகர பஸ்ஸிலும் செல்லுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை மெட்ரோ தன் பழைய டிராவல் கார்டுக்கு ரீசார்ஜை நிறுத்திவிட்டதால் அட்டை வேண்டுமென்றால் இனி இதுதான். டெல்லி, பெங்களூரு மெட்ரோக்களிலும், மும்பையில் 2ஏ, 7 வழித்தடங்களிலும் இதே அட்டையைத் தட்டிவிட்டுப் போகலாம். மூன்று ஊர் அட்டைகளைப் பர்ஸில் அடுக்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி எரிச்சல். போனில் ஐந்நூறு ரூபாய் டாப்-அப் செய்கிறீர்கள். கணக்கில் பணம் போய்விட்டது, ‘வெற்றி’ என்று குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. ஆனால் அட்டையில் ஒரு பைசா ஏறியிருக்காது. காரணம் இருக்கிறது. நெரிசலில் ஆள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டுமானால், கேட் ஒவ்வொரு முறையும் வங்கியைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. அதனால் இருப்பை அட்டையின் சிப்பிலேயே எழுதி வைக்கிறார்கள். உள்ளே போகும்போது ஏறிய நிலையத்தைக் கேட் சிப்பில் பதிகிறது, வெளியே வரும்போது கட்டணத்தைச் சிப்பிலிருந்தே கழிக்கிறது. நீங்கள் போனில் போட்ட பணமோ வங்கியின் சர்வரில் நிற்கிறது. நிலையத்தில் கவுன்டரிலோ மெஷினிலோ அட்டையை வைத்து ‘பேலன்ஸ் அப்டேட்’ செய்தால்தான் அது சிப்புக்கு இறங்கும்.

நகரவாசிக்கு இது அரை நிமிட வேலை. நமக்கு? ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் மெட்ரோ நிலையம் இல்லை, நான் விசாரித்த கடைகளிலும் அந்த வசதி இல்லை. கோவையிலாவது வரும் என்றிருந்தோம். இருபது லட்சம் மக்கள்தொகை இல்லை என்று 2025 நவம்பரில் மத்திய அரசு திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆக, மலையிலிருந்து ஏற்றும் பணம் சென்னை சென்ட்ரலில் இறங்கும்வரை அந்தரத்தில்தான். நீலகிரி எக்ஸ்பிரஸ்ஸில் இரவெல்லாம் வந்து, பையோடு ஸ்கேனர் தாண்டி, வரிசையில் நின்று அப்டேட் செய்ய வேண்டுமென்றால் அந்த நேரத்தில் ஒரு டிக்கெட்டையே வாங்கிவிடலாமே! அட்டை கொடுத்த வங்கியின் உதவி எண்ணில் கேட்டால், “உங்கள் டிரான்ஸாக்‌ஷன் வெற்றி சார்” என்பதோடு சரி.

இதற்கு ஒரே வழி, ஊருக்குத் திரும்பும்போது நிரப்பிக்கொள்வது. இரவு ரயில் ஏறுமுன் கவுன்டரில் ரொக்கம் கொடுத்தால் நேரே சிப்பில் எழுதிவிடுவார்கள், அடுத்த பயணத்துக்கு அட்டை தயார். உச்சவரம்பு 2,000 ரூபாய். அதற்காக முழுவதையும் நிரப்பாதீர்கள். சிப்பில் உள்ளது சட்டைப்பை ரொக்கம் மாதிரி, பின் நம்பர் கேட்காது; தொலைந்தால் எடுத்தவர் பயணம் போவார். முந்நூறு, நானூறு போதும்.

அப்டேட் நடக்கும்போது திரையில் புது இருப்பு தெரியும்வரை அட்டையை நகர்த்தவே கூடாது. நடுவில் தூக்கினால் சர்வர் ‘கொடுத்தாச்சு’ என்னும், சிப் ‘வரவில்லை’ என்னும். பிறகு புகார், காத்திருப்பு. கேட்டில் பர்ஸோடு சேர்த்துத் தட்டாதீர்கள். பர்ஸுக்குள் ‘தட்டினால் பணம் போகும்’ வங்கி அட்டை இன்னொன்று இருந்தால் ரீடர் குழம்பிச் சிவப்பு காட்டும். ரூபே டெபிட் கார்டில் என்சிஎம்சி சின்னம் இருக்கிறதே என்று நேராகக் கேட்டில் வைப்பவர்களும் உண்டு. சேமிப்புக் கணக்கில் லட்சம் இருந்தாலும் சிப்பில் பூஜ்யம் என்றால் கதவு திறக்காது. கூட்ட நேரத்தில் ஊழியர்கள் கேட்டைத் திறந்துவிட, நீங்கள் அட்டையைத் தட்டாமல் வெளியே வந்துவிட்டால் அந்த நுழைவுப் பதிவு சிப்பில் தொங்கும். அடுத்த முறை கேட்டோடு மல்லுக்கட்டாமல் கஸ்டமர் கேர் கவுன்டருக்குப் போனால் சரிசெய்வார்கள்.

சென்னை புறநகர் மின்சார ரயிலில் இது செல்லாது. அதற்குக் கவுன்டர், இல்லையென்றால் ரயில்ஒன் செயலி. நம் மலை ரயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சலுகைக்காக வாங்குவதாக இருந்தால், சென்னை மெட்ரோவில் அட்டைக்கு உள்ள அதே 20 சதவீதத் தள்ளுபடி போனில் வாங்கும் கியூஆர் டிக்கெட்டுக்கும் உண்டு. வருஷத்துக்கு ரெண்டு தடவை இறங்குகிறவருக்கு வாட்ஸப் டிக்கெட்டே போதும், போனில் சார்ஜ் இருக்கும்வரை. டெல்லியில் அட்டைக்கு 10 சதவீதம், நெரிசல் இல்லாத நேரத்தில் இன்னொரு 10.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன், அதுவும் டாப்-அப் கோபம் கொஞ்சம் தணிந்த பிறகு. தொலைந்தால் மறுநாளே இதையேதான் வாங்குவேன். எம்டிசி பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறைக்கு வழக்காட என்னால் ஆகாது.