கார் செட்: பாட்டு நல்லது, ஞாபகம்தான் இல்லை

அக்கரைப்பற்றிலிருந்து மச்சான் ஒருவன் கேட்டான்: "காருக்குப் பூட்டும் ஆண்ட்ராய்ட் பிளேயர் விலை இறங்கியிருக்காம். நீ பாவிக்கிறதுதானே, போடலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. செத்துக் கிடந்த செட்டுக்கு உயிர் கொடுத்து அன்றைக்குத்தான் காரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு போட்ட செட் இது. புதுக் கார் இனி இல்லை என்றானதும், இருக்கிற காரையாவது சிங்காரிப்போம் என்று நினைத்த ஆட்களில் நானும் ஒருவன். ஜப்பானிலிருந்து வந்த கார். அதனோடு வந்த ரேடியோ அந்த நாட்டு எப்எம்முக்குச் செய்தது, 76இலிருந்து 90 வரைதான் பிடிக்கும். இங்கே 88இலிருந்து 108 வரை. நடுவில், நம்ம ஸ்டேஷன்களை அந்த ரேடியோ பிடிக்கிற எண்ணுக்கு இறக்கிக் கொடுக்கும் எக்ஸ்பாண்டர் ஒன்றைப் பூட்டிச் சமாளித்தேன். அறிவிப்பாளர் ஒரு எண்ணைச் சொல்வார், திரை வேறொன்றைக் காட்டும். புதுச் செட்டில் அந்தக் குழப்பம் இல்லை. பாட்டைப் பற்றியும் சும்மா சொல்லக்கூடாது. ஸ்பீக்கரை நான் மாற்றவேயில்லை, அதே பழைய ஸ்பீக்கரில் இப்போது தபேலா தனியாகக் கேட்கிறது. பின்னால் கமரா இருப்பதால் கல்முனைச் சந்தைப் பக்கம் ரிவர்ஸ் எடுக்கவும் பயமில்லை.

இனி வயிற்றெரிச்சல். இந்தச் செட்டுக்கு ஞாபகம் என்ற ஒன்றே கிடையாது. கரண்ட் ஒரு கணம் விட்டுப்போனால் போதும், நேரம் போய்விடும், பிடித்துவைத்த ஸ்டேஷன்கள் போய்விடும், பேஸும் ட்ரெபிளும் பழையபடி நடுவில் வந்து நிற்கும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. திறப்பைத் திருப்பினால் லோகோவைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். கல்லடியில் ஸ்டார்ட் பண்ணினால் பாலம் தாண்டும்வரை பாட்டு வராது. எத்தனை தரம்தான் ஒருவன் நேரம் வைப்பான்?

செட்டுக்குப் பின்னால் வருகிற வயர்களில் மூன்று முக்கியம். மஞ்சள் பட்டரியிலிருந்து நேராக வருவது, காரை நிறுத்தி வைத்தாலும் அதில் 12 வோல்ட் இருக்க வேண்டும். சிவப்புக்குத் திறப்பை ஏசிசிக்கு, அதாவது இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு முந்திய நிலைக்கு, திருப்பினால்தான் கரண்ட் வரும். கறுப்பு எர்த். மஞ்சள் ஒழுங்காக இருந்தால் செட் தூங்கி எழும்பும். அது விட்டுவிட்டு வந்தால் ஒவ்வொரு தரமும் புதிதாகப் பிறக்கும். என்னுடையது பிறந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒருநாள் களுவாஞ்சிக்குடி தாண்டியதும் ஒரேயடியாக அணைந்துவிட்டது. போன் சார்ஜர் குத்தும் சொக்கெட்டிலும் கரண்ட் இல்லை. இது நல்ல அடையாளம். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே பியூஸ்தான். நீல நிற 15 அம்பியர் போயிருந்தது, மாற்றியதும் பாட்டு வந்தது. கொஞ்ச நாளில் மறுபடியும் செத்தது. இந்த முறை சார்ஜர் வேலை செய்கிறது, பியூஸும் நன்றாக இருக்கிறது. ஒரு கடையில் செட்டைத் திறந்தும் பார்க்காமல் "போர்ட் போயிட்டு, புதுசு போடுங்க" என்றார்கள். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டதும் தேநீர் குடிக்காமலே கிளம்பிவிட்டேன்.

காத்தான்குடியில் வயரிங் வேலை செய்யும் காக்கா (அண்ணன்) ஒருவரிடம் போனேன். நான் வோல்ட் பார்க்கும் மீற்றரைக் காட்டி "12 வோல்ட் வருது காக்கா" என்றேன். "மீற்றருக்கு வரும் தம்பி, செட்டுக்கு வராது" என்றார். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு டெஸ்ட் பல்பைக் கொழுவினார். பல்பு மின்மினி மாதிரி மினுங்கியது. மீற்றர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை, அதனால் அரைகுறை இணைப்பிலும் 12ஐக் காட்டிவிடும். பல்போ செட்டோ உண்மையாகவே கரண்டை இழுக்கும்போது அந்த வோல்ட் கீழே விழுந்துவிடும். முதல் நாளே செய்யக்கூடிய சோதனை. அந்தக் கடைக்காரருக்கும் இது தெரியாதா என்ன?

டாஷ்போர்டைக் கழற்றினால் கண்றாவி. பூட்டியவர் ரேடியோவுக்கென்று காரில் இருந்த வயர் சொக்கெட்டை வெட்டி எறிந்துவிட்டு, வயரோடு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார். வெயிலில் டேப்பின் பசை இளகி, சிவப்பு வயரின் செப்பு இழைகள் வெளியே வந்து செட்டின் இரும்புச் சட்டத்தில் உரசியிருக்கின்றன. பியூஸைத் தின்றது அதுதான். எர்த் வயர் துரு ஏறிய ஒரு ஆணியில் தொங்கியது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கார் நிற்கிற ஊரில் துரு ஏறாமல் என்ன செய்யும்? காக்கா எல்லாவற்றையும் ஈயம் வைத்து ஒட்டி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டினார். கார் உடம்பில் ஒரு போல்ட்டின் பெயின்டைச் சுரண்டி எர்த்தை அதில் இறுக்கினார். அதற்குப் பிறகு நேரம் ஒழுங்காக நிற்கிறது.

நியாயமாகப் பார்த்தால் செட்டில் குற்றமில்லை, பூட்டிய கையில்தான் குற்றம். ஆனாலும் என் கோபம் செட்டின் மேல்தான். பழைய பட்டன் போன் பட்டரியைக் கழற்றிப் போட்டாலும் நம்பர்களை மறக்காது. இவ்வளவு பெரிய திரை வைத்த சாமானுக்கு நாலு ஸ்டேஷனை எழுதிவைக்க இடமில்லையாம்!

அதனால் மச்சான், போடாதே. இல்லை, போடத்தான் போகிறேன் என்றால் உன் கார் மாடலுக்கென்றே வரும் வயர் சொக்கெட்டையும் சேர்த்து வாங்கு, காரின் வயரை வெட்ட விடாதே. நீலப் பியூஸ் இருந்த இடத்தில் மஞ்சள் நிற 20 அம்பியர் பியூஸைச் செருக வந்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடு. என்னுடையதைக் கழற்றித் தருவாயா என்று மட்டும் கேட்காதே, தரமாட்டேன்.