தூக்க முடியாத கை: உறைதோளா, நொந்த தசைநாணா?

"கையைத் தூக்கேலாமல் கிடக்கு" என்ற ஒரே முறைப்பாட்டோடு, பருத்தித்துறைப் பக்கத்தில் மரமேறிக் கள் இறக்கும் சீவல் தொழிலாளி ஒருவரும் சலரோக (நீரிழிவு) கிளினிக்குக்கு வழக்கமாக வரும் 50 வயது ஆசிரியை ஒருவரும் வெளிநோயாளர் பிரிவில் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் மேற்கையின் வெளிப்புறத்திலேயே நோகிறது. இருவராலும் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. ஆகவே நோகும் இடத்தைக் கேட்டு இவர்களைப் பிரித்தறிவது கடினம். முதலாமவருக்குத் தோளைச் சுழற்றும் தசைகளை எலும்போடு பிணைக்கும் நாண் (தசைநாண்) நொந்திருக்கலாம். மற்றவருக்கு மூட்டைச் சூழ்ந்த உறையே தடித்துச் சுருங்கி, உறைதோள் எனப்படும் நிலை வந்திருக்கலாம்.

வேறுபாடு, கையை யார் அசைக்கிறார் என்பதில் வெளிப்படுகிறது. தசைநாண் நொந்தவர் தாமே கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது ஏறத்தாழ 60 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையில் நோவு கூடி, அதைத் தாண்டியதும் தணியும். அவர் தசையைத் தளர்த்தியிருக்க வைத்தியர் கையைப் பிடித்து உயர்த்தினால் அது பெரும்பாலும் முழுமையாகவே போகும். உறைதோளிலோ வைத்தியரின் கையும் நோயாளியின் கை நின்ற அதே இடத்தில் தடைப்படும். மேலும் உயர்த்த முயன்றால் தோள்பட்டை எலும்பும் சேர்ந்து எழும்பும். ஒரு நிமிடம் மட்டுமே இருந்தால் நான் செய்யும் பரிசோதனை ஒன்றுதான்: முழங்கையை விலாவோடு ஒட்டி, செங்கோணமாக மடித்து, முன்கையை வெளிப்புறமாகத் திருப்பி, மற்றத் தோளுடன் ஒப்பிடுவது. உறைதோளில் மிகவும் இறுகிப்போவது இந்த அசைவே. சட்டையைக் கழற்றாமல், இரு தோள்களையும் பாராமல் செய்யும் பரிசோதனையை நான் பரிசோதனையாகவே கொள்வதில்லை.

ஆயினும் தேய்ந்த மூட்டும், பின்புறமாக விலகிய மூட்டும் இதே அசைவைத் தடுக்கும் என்பதால், குறிப்பாக விழுந்தவருக்கும் வலிப்பு வந்தவருக்கும், எக்ஸ்ரே அவசியம். தசைநாணைக் காட்டும் ஸ்கானை முதலிலேயே எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. வயது கூடக்கூட நோவே இல்லாத தோள்களிலும் நாண் கிழிவு தென்படுவதால், அது வைத்தியரைத் தவறான வழியில் இட்டுச்செல்லக்கூடும். ஆனால் விழுந்த பின் திடீரெனக் கை வலுவிழந்தால் அது முழுக் கிழிவாக இருக்கலாம். தாமதியாமல் எலும்பியல் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். கழுத்தைத் திருப்பும்போது நோவு முழங்கைக்குக் கீழிறங்கி விரல்கள் விறைத்தால் கழுத்தையும், நடக்கும்போது மட்டும் தோள் நொந்தால் இதயத்தையும் பார்க்க வேண்டும்.

உறைதோள் 40 முதல் 60 வயது வரையிலானவர்களிடமும், நீரிழிவு உள்ளவர்களிடமும் அதிகம். நீரிழிவு உண்டென அறியாதவருக்கு உறைதோள் கண்டால் இரத்தச் சீனியைச் சோதிப்பது நன்று. பிரித்தறிதல் முக்கியமாவது சிகிச்சையில்தான். நொந்த நாணுக்குச் சில வாரங்கள் படிப்படியாகச் சுமை கூட்டும் பயிற்சி பலன் தரும். சீவல் தொழிலாளிக்கு அந்த வாரங்களில் ஏறும் மரங்களைக் குறைத்துக்கொள்ளும்படி சொல்ல வேண்டியிருக்கும், அவருடைய நாளாந்த வருமானம் அதிலேயே தங்கியிருப்பதை அறிந்துகொண்டே. நோவு மிகுந்த கட்டத்திலுள்ள உறைதோளை எண்ணெய் பூசி வலிந்து இழுப்பது நோவையே கூட்டும். மூட்டினுள் போடும் ஸ்டீராய்ட் ஊசி அந்த ஆரம்பக் கட்டத்திலேயே கூடுதலாக உதவும். ஆனால் அதன் பின் சில நாட்களுக்கு இரத்தச் சீனி உயரும் என்பதை ஆசிரியைக்கு ஊசிக்கு முன்னரே சொல்லி, வீட்டில் அளந்து பார்க்கும் வசதி உண்டா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.