நல்லூரில் ஒரு சிறுகதை வகுப்பு: சேரலாமா?

நல்லூர்ப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் சிறுகதை வகுப்பு நடத்துகிறார். பெயர்ப்பலகை கிடையாது, ஆளுக்கு ஆள் சொல்லித்தான் சேர்கிறார்கள். மாதம் 2,000 ரூபா. தை மாதத்திலிருந்து போய்வருகிறேன். "யாழ்ப்பாணத்தில் கதைக்கும் ரியூசன் வந்துவிட்டதோ?" என்று கேலி செய்த என் கணவரின் வாயை அடைக்கவே முதலில் சேர்ந்தேன்.

சேர்ந்தவுடன் ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது கெட்டி மட்டை போட்ட பெரிய கொப்பி, வாங்கச் சொல்வார். நாளுக்கு ஒரு பக்கம், மேலே திகதி. அது கதையாக இருக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சந்தையில் காதில் விழுந்த பேரம், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியின் தொலைபேசிச் சண்டை, ஒன்றும் அகப்படாவிட்டால் அன்றைய வெயில். சனிக்கிழமை கொப்பியை வாங்கித் திகதிகளை மட்டும் பார்ப்பார்; வரிகளை வாசிக்கமாட்டார். அந்தத் தைரியத்தில்தான் நான் மாமியாரைப் பற்றியெல்லாம் எழுதினேன். கையும் ஓடத் தொடங்கியது. விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பி எழுத வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் மட்டும் எனக்குச் சரிவராது. அந்நேரத்தில் எழும்பும் பெண்களுக்கு அடுப்படியில் வேறு வேலை காத்திருக்கிறது. நான் வேலைபார்க்கும் கச்சேரியில் (அரச செயலகத்தில்) மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுகிறேன் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சம்மதித்தார்.

கொடுத்த காசுக்குப் பெறுமதி உரத்து வாசிக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தில் இருக்கிறது. ஒருவர் தம் கதையை வாசிக்க, மற்றவர்கள் பென்சிலோடு கேட்க வேண்டும். 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லத் தடை. ஒருமுறை பல்கலைக்கழக மாணவன் ஒருவன் வாசித்தான். கிடுகு வேலிப் பொட்டுக்குள்ளால், அதாவது வேலியின் சின்ன ஓட்டைக்குள்ளால், ஒரு சிறுவன் பக்கத்து வளவைப் பார்க்கிறான். கிணற்றடியில் ஒரு பெண் நிற்கிறாள். கனடாவில் இருக்கும் மகன் தன்னை மறந்துவிட்டானே என்று அவள் உள்ளம் வெதும்புகிறது. ஆசிரியர் கையை உயர்த்தினார். "தம்பி, பொட்டுக்குள்ளால் உள்ளமும் தெரியுமோ?" எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரம் அவன் கொண்டுவந்த கதையில் உள்ளமும் இல்லை, கனடாவும் இல்லை. அந்தப் பெண் வாளியைக் கிணற்றுக்குள் விடுகிறாள், வெறும் வாளியாகவே மேலே இழுக்கிறாள், மறுபடியும் விடுகிறாள். சிறுவன் அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறான். நோக்குநிலை, அதாவது கதையை யாருடைய கண்ணால் பார்க்கிறோம், என்ற தலைப்பில் நான் வாசித்த கட்டுரை எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

வாசிப்புக்கு அவர் புத்தகம் விற்பதில்லை. அதற்காகவே ஒரு கும்பிடு போடலாம். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் பழைய சஞ்சிகைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை' என்ற இலக்கியச் சஞ்சிகையின் இதழ் ஒன்றை அங்கிருந்து எடுத்து, அதில் ஒரு கதையைக் கையால் பிரதிபண்ணச் சொல்வார். எழுத்தாளர் எங்கே பந்தி பிரித்தார், எங்கே ஒரு சொல்லோடு நிறுத்தினார் என்பதெல்லாம் பிரதிபண்ணும்போதுதான் பிடிபடுகிறது. ஆனால் 1980 க்குப் பிறகு ஈழத்தில் யாருமே கதை எழுதவில்லை என்பதுபோல அவர் தெரிவு இருப்பது பெருங்குறை. கேட்டால் சிரித்து மழுப்புகிறார்.

ஆட்களும் கூடிவிட்டார்கள். தன் கதையை வாசிக்க ஒருவருக்கு மாதத்தில் ஒரு தடவை வாய்த்தால் அதிர்ஷ்டம். அடுத்த வளவில் உயர்தர இரசாயனவியல் வகுப்பு ஒலிபெருக்கியில் நடக்கிறது. கதையின் உச்சக்கட்டத்தில் 'அமோனியா' என்று கேட்கும். கவிதை எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. போட்டிப் பரிசுக்குக் குறுக்குவழி தேடுகிறவர்கள் இரண்டாம் வாரமே நின்றுவிடுகிறார்கள். சிறுகதையோடு மல்லுக்கட்ட விரும்புகிறவர்கள் தாராளமாகச் சேரலாம்.

புதியவர்களை இனி நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகுதான் எடுப்பார். திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகள் மறிக்கப்படுவதால் வகுப்பும் இல்லை. சைக்கிளில் போங்கள், அந்த ஒழுங்கைக்குள் கார் திருப்ப முடியாது.