எஸ்.ஐ. தேர்வு கோச்சிங்: 11 மாதம் படித்த ஒரு சென்டர் பற்றி

திருநெல்வேலியில் ஒரு தனியார் சென்டரில் எஸ்.ஐ. (போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர்) தேர்வுக்காக 11 மாதம் படித்தேன். ரிட்டன் (எழுத்துத் தேர்வு), கிரவுண்ட் (உடல்திறன் தேர்வு) இரண்டையும் தாண்டி வைவா (நேர்முகத் தேர்வு) வரை போனேன், இறுதிப் பட்டியலில் பெயர் வரவில்லை. இப்போது ஒரு கிரிமினல் வக்கீலிடம் குமாஸ்தாவாக வேலை பார்த்துக்கொண்டே அடுத்த அறிவிப்புக்குப் படிக்கிறேன். சென்டரின் பெயரைப் போடவில்லை. என் தோழிகள் படித்த மற்ற இடங்களிலும் ஏறக்குறைய இதே நிறைகுறைதான், அதனால் நீங்கள் எங்கே சேருவதாக இருந்தாலும் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டிய பணத்தில் பாதிக்கு மேல் வீண். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் நடந்த ஒரே ஒரு வகுப்புக்காக அந்த மொத்தப் பணத்தையும் மறுபடி கட்டச் சொன்னாலும் கட்டுவேன்.

ஆறு மாத பேட்ச்சுக்கு 18,000 ரூபாய். சேரும்போது எல்லாம் இதில் அடங்கும் என்றுதான் சொன்னார்கள், அப்புறம் பார்த்தால் டெஸ்ட் பேட்ச் (மாதிரித் தேர்வுகள்) தனியாக 3,500, கிரவுண்டுக்கு மாதம் 800, ஆறு மாதம் முடிந்தும் தேர்வுத் தேதி வராததால் நீட்டிப்புக்கு 6,000. அப்பா வாழை வெட்டி வந்த பணம் அது. ரசீதில் 'வகுப்புக் கட்டணம்' என்று மட்டும் போட்டிருந்ததை அன்றைக்கே கவனித்துக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள், என்னென்ன சேர்த்தி என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

இந்தத் தேர்வு பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிறது, ஏதாவது ஒரு டிகிரி போதும். தமிழ்த் தகுதித் தேர்வில் 100-க்கு 40 எடுத்தால்தான் மெயின் பேப்பரையே பார்ப்பார்கள். மெயின் 70 மார்க், அதில் 40 பொது அறிவு, மீதி 30 லாஜிக், கணக்கு, உளவியல், தகவல் கையாளுதல் மாதிரியானவை. கிரவுண்டுக்கு 15, வைவாவுக்கு 10, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 5. ஒரு மார்க்குக்குள் ஏகப்பட்ட பேர் நெருக்கியடித்து நிற்பார்கள், அதனால் சென்டர்கள் எல்லாமே 'மார்க்'கையே குறிவைத்து ஓடுகின்றன. அதைத் தப்பென்று சொல்லவில்லை, பாஸ் ஆனால்தானே வேலை. ஆனால் வேலைக்கு என்ன தேவையோ அதைப் பற்றி 11 மாதத்தில் வாரம் இரண்டு மணி நேரம் தவிர யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் என் பெரிய மனக்குறை.

பொது அறிவு வகுப்பு சுமார். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளிப் புத்தகங்களை வரிவரியாகப் படிக்க வைத்தார்கள், அது சரியான வழிதான், ஆனால் அதை வீட்டிலேயே செய்யலாம். கணக்கு சார் அருமை, சதவீதமும் வேலை-நேரக் கணக்கும் அவரால்தான் எனக்கு வந்தது. மோசமானது நோட்ஸ். 2024 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதினியம். எங்களுக்குக் கொடுத்த நோட்ஸ் கட்டுக்குள் கொலைக்குப் பழைய சட்டப் பிரிவு 302, மோசடிக்கு 420 என்றே அச்சடித்திருந்தது. இப்போது கொலை 103, மோசடி 318. மாதிரி வைவாவில் ஒரு பெண் திருட்டுக்கு 379 என்று பதில் சொன்னபோது எதிரே இருந்தவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். 303 என்று திருத்தியிருக்க வேண்டும். வைவா போகிற பிள்ளைக்கு இதைவிட வேறென்ன கெடுதல் செய்ய முடியும்?

கிரவுண்ட் பயிற்சி காலை ஐந்து மணிக்கு. பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடி முடித்தால்தான் அடுத்த கட்டம். அப்புறம் நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், 100 மீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றிலும் ஒன் ஸ்டார், டூ ஸ்டார் என்று இரண்டு அளவு. நீளம் தாண்டுதலில் 3 மீட்டர் தாண்டினால் ஒன் ஸ்டார், 2 மார்க். 3.75 தாண்டினால் டூ ஸ்டார், 5 மார்க். அந்த முக்கால் மீட்டருக்குள் 3 மார்க் இருக்கிறது, ரிட்டனில் ஆறு கேள்விக்குச் சமம். நான் 3.20-லேயே நான்கு மாதம் நின்றேன். மாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் அவர் கண் எல்லாம் ஆண்கள் கயிறு ஏறும் பக்கமே இருந்தது, நாங்கள் எட்டுப் பேர் மணல் குழியில் எங்களுக்கு நாங்களே டேப் பிடித்து அளந்துகொண்டிருப்போம். கடைசியில் கூடப் படித்த ஒருத்திதான், பள்ளியில் மாவட்ட அளவில் ஆடியவள், நான் தாண்டுவதற்குக் கால் ஊன்றும் பலகைக்கு முன்னால் காலடியைக் குறுக்குகிறேன் என்பதைக் கண்டுபிடித்து ஓட்டத்தைப் பின்னாலிருந்து எண்ணி மாற்றிக் கொடுத்தாள். அந்த மைதானத்தில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. இதைப் பலமுறை சொல்லியும் சென்டர் நிர்வாகம் ஒன்றும் செய்யவில்லை. தமிழ்நாட்டில் 1973-லேயே பெண்கள் காவல் துறைக்குள் வந்துவிட்டார்கள், 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தாகிவிட்டது. பெண்களிடம் அதே கட்டணத்தை வாங்குகிற இடம் ஒரு கழிவறைக்கு ஏற்பாடு செய்ய முடியாதா என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சரி, சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறேன். எடுத்தவர் ஓய்வு பெற்ற எஸ்.ஐ. ஒருவர், கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, பல வருஷம் ஸ்டேஷன் ரைட்டராக (நிலையத்தின் எழுத்து வேலை பார்ப்பவர்) இருந்து, கடைசியில் எஸ்.ஐ. ஆனவர். நாங்கள் ஐயா என்போம். கால அட்டவணையில் 'ஆளுமைத் திறன்' என்று போட்டிருந்ததால் பாதிப் பேர் வரவே மாட்டார்கள்.

முதல் நாள் உள்ளே வந்தவர் பாடம் எதுவும் நடத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "நான் மானூர்ப் பக்கத்துக் கிழவி. என் ஆட்டைக் காணோம். எழுதுங்க" என்றார். எல்லோரும் எழுதினோம். என் நோட்டை வாங்கிப் பார்த்தார். 'மேற்படி மனுதாரரின் ஆடு காணாமல் போய்விட்டது' என்று இருந்தது.

"ஏம்மா, ஊர்ல ஒரே ஆடா மேயுது? கருப்பா, செவலையா? கெடாயா, பெட்டையா? காதுல வெட்டு இருக்கா, எந்தக் காது? கடைசியா எப்போ பாத்தேன்னு என்கிட்ட கேட்டியா?"

நாங்கள் யாரும் கேட்கவில்லை. கிழவி சொன்னதைக் காதில் வாங்கியதும் நேரே மனு பாஷைக்குத் தாவிவிட்டோம். திரும்ப அவரிடம் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்கச் சொன்னார், வேண்டுமென்றே சுற்றி வளைத்துப் பேசினார், மருமகள் கதைக்குப் போனார், அழுதார். அழுகிறவரைக் கையமர்த்தாமல், அதட்டாமல், ஆனால் நேரத்தையும் இடத்தையும் அவர் வாயிலிருந்தே வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுதி முடித்து நீட்டினேன். வாங்கவில்லை. "படிச்சுக் காட்டு" என்றார். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதினால் சொன்னவருக்கு அதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். போட்டால் நகலைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும், பழைய சட்டத்தில் 154, புதியதில் 173. செக்‌ஷன் நம்பர் எனக்கு மனப்பாடம். படித்துக் காட்ட மட்டும் தோன்றவில்லை. படித்துக் காட்டினேன், 'வலது காது' என்று எழுதியிருந்தேன், அவர் சொன்னது இடது காது.

இன்னொரு சனிக்கிழமை பக்கத்து அறையில் ஒற்றைச் செருப்பு, உடைந்த கண்ணாடி டம்ளர், ஒரு பைக் சாவி மூன்றையும் போட்டுவிட்டு பார்வை மகஜரும் (சம்பவ இடத்தில் கண்டதை எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும் தயாரிக்கச் சொன்னார். ஒருவன் அழகாகப் படம் வரைந்திருந்தான், வடக்கு எது என்று குறிக்கவில்லை. ஒருத்தி எல்லாம் குறித்திருந்தாள், ஆனால் சுவரிலிருந்து செருப்புக்கு எத்தனை அடி என்று அளக்கவில்லை. நான் அளந்தேன், ஆனால் அறையில் விளக்கு எங்கே இருந்தது என்று எழுதவில்லை. "ராத்திரி நடந்த கேஸ்னா நீ செத்தே" என்றார் ஐயா.

அது எவ்வளவு உண்மை என்பதை இப்போது கோர்ட்டில் பார்க்கிறேன். எங்கள் சீனியர் வக்கீல் எதிரிக்காக (குற்றம் சாட்டப்பட்டவருக்காக) ஆஜராகிற வழக்குகளில் இரவுச் சம்பவம் என்றால் குறுக்கு விசாரணையில் அவர் முதலில் தொடுவதே அந்த விளக்கு விஷயத்தைத்தான். ஒரு அடிதடி வழக்கில் சாட்சி தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன் என்கிறார், புலன் விசாரணை அதிகாரி வரைந்த படத்தில் தெருவிளக்கே இல்லை. கூண்டில் நின்ற அந்த அதிகாரி நேர்மையானவர் என்றுதான் எனக்குத் தோன்றியது, அவசரத்தில் விட்டிருப்பார். ஆனால் மூன்று வருஷம் கழித்து ஒரு விளக்குக் கம்பத்தை யாராலும் புதிதாக வரைந்து சேர்க்க முடியாது. அடிபட்டவரின் அம்மா பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போலீஸ் வேலை என்றால் ஓடுவதும் பிடிப்பதும் என்று நினைத்துச் சேருகிறவர்கள் ஒரு நாள் செஷன்ஸ் கோர்ட்டில் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் நல்லது, அங்கே பேசுவது எல்லாம் யாரோ என்றைக்கோ எழுதிய தாள்தான்.

ஐயா ஒரு வகுப்பு முழுக்க 2020 சாத்தான்குளம் பற்றிப் பேசினார். காவலில் தந்தையும் மகனும் இறந்த அந்த வழக்கில், அதே நிலையத்தில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் தான் பார்த்ததைச் சொன்னார். "அந்த இடத்துல நீ இருந்தா சொல்வியா?" என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார். சொல்வேன் என்று உடனே சொன்னவர்களை உட்காரச் சொல்லிவிட்டார். பதில் வராமல் நின்றவர்களிடம்தான் அதிக நேரம் பேசினார், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எதற்குப் பயப்படுவாய் என்று கேட்டார். நானும் நின்றவள்தான்.

அந்த ஒரு மனிதரால் எங்கள் பேட்ச்சில் சிலருக்கு வழியே மாறியது. சென்டர்காரர்கள் யார் வந்தாலும் எஸ்.ஐ. பேட்ச்சில் போட்டுவிடுவார்கள், குற்றவியல் துறையில் வேறு வேலைகள் இருப்பதையே சொல்ல மாட்டார்கள். எம்.எஸ்சி. வேதியியல் படித்த ஒரு அக்காவுக்கு உயரம் 157 செ.மீ. பொதுப் பிரிவுக்கும் பி.சி., எம்.பி.சி.க்கும் 159 வேண்டும், அவர் பி.சி. அவரிடமும் பணம் வாங்கிச் சேர்த்திருந்தார்கள், இதை நான் மன்னிக்கவே மாட்டேன். ஐயாதான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தடய அறிவியல் துறை இளநிலை அறிவியல் அலுவலர் தேர்வைப் பற்றிச் சொன்னார். ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது, அதனால் இனி அந்தப் பக்கம் ஆள் தேவை கூடும் என்பது அவர் கணக்கு. அந்த அக்கா இப்போது அதற்குத்தான் படிக்கிறார். சமூகப் பணி படித்த ஒருவனுக்கு நன்னடத்தை அலுவலர் (கோர்ட் நன்னடத்தையின் பேரில் விடுவித்தவர்களைக் கண்காணிப்பவர்) வேலை பற்றிச் சொன்னார். சட்டம் படித்த ஒருத்தியிடம், அரசு உதவி வழக்கு நடத்துநர் (அரசுத் தரப்பில் வாதாடும் வக்கீல்) ஆக கிரிமினல் கோர்ட்டில் ஐந்து வருஷப் பிராக்டிஸ் வேண்டும், இங்கே உட்கார்ந்து நேரத்தை விடாதே, கோர்ட்டுக்குப் போ என்றே சொல்லிவிட்டார். ஒரு சென்டரில் வாத்தியாராக இருந்துகொண்டு மாணவியைப் 'போ' என்று சொல்ல மனசு வேண்டும்.

யார் சேரலாம்? கிராமத்தில் ஓட இடமில்லாத, கணக்கில் தடுமாறுகிற, வீட்டில் இருந்தால் படிக்க விடமாட்டார்கள் என்கிற நிலைமையில் இருக்கும் பெண்கள் சேரலாம், எனக்கு அந்தச் சூழல் கிடைத்ததே பெரிது. பணம் புரட்ட முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவச வகுப்பு நடத்துகிறது, முதலில் அங்கே போய் விசாரியுங்கள். டெஸ்ட் பேட்ச்சுக்குத் தனியாகப் பணம் கட்டாதீர்கள், பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதினால் அதே பலன். உயரத்தை அரசு மருத்துவமனையில் அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சட்ட நோட்ஸை விரித்துக் கொலைக்கு என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். மைதானத்தைக் காலை ஐந்து மணிக்கே போய்ப் பாருங்கள், கழிவறையும் சேர்த்து. அப்புறம், இந்த மாதிரி வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வகுப்பு எடுக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஐயாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி நடுவில் இரண்டு மாதம் வரவில்லை, இப்போது மறுபடி வருகிறார் என்று ஜூனியர் பெண்கள் சொன்னார்கள். சனிக்கிழமை நான்கு மணி. சேருவதற்கு முன்னால் ஒரு தடவை சும்மா உட்கார்ந்து பார்க்கலாம், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கோடு போடாத நோட்டு ஒன்றும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு போங்கள்.