வித்தவுட் காபி: 14 மாத அனுபவம்

போன வாரம் நண்பன் ஒருவன் தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுக் கேட்டான்: “மச்சான், கடைக் காபியையும் விடாம உடம்பையும் எப்படிடா குறைச்ச?” ஃபோனில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கணக்கு தெரிந்ததுதான். ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி. டோல்கேட் பக்கத்தில் நான் குடிக்கும் கடையில் டம்ளருக்கு 2 ஸ்பூன் போடுவார்கள், சுமார் 10 கிராம். ஒரு நாளைக்கு நாலு காபி. ஆக 160 கலோரி சர்க்கரையிலேயே போய்க்கொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. நான் காபியிலேயே 40. காபியை விட மனசில்லை, சர்க்கரையை விட்டேன். 84 கிலோ 79 ஆனது. கூடவே பொறையையும் பட்டர் பன்னையும் நிறுத்தினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் பத்து நாள் கஷாயம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். அப்புறம் ஒரு நாள் காலை, மெட்ரோவுக்கு ஓடும் அவசரத்தில் ஒரு வாய் குடித்தபோது பால் தித்தித்தது. மாஸ்டர் மறந்து சர்க்கரை போட்டுவிட்டார் என்று சண்டைக்கே போனேன். போடவில்லை. பாலுக்கென்று ஒரு தித்திப்பு இருக்கிறது. இத்தனை வருஷம் அதன் மேல் 2 ஸ்பூனைக் கொட்டி மூடி வைத்திருந்தேன். இப்போது டிகாஷன் மறுபடி சூடு பண்ணியதா, பால் அடிப்பிடித்ததா, தூளில் சிக்கரி ஏறியிருக்கிறதா எல்லாம் முதல் வாயிலேயே தெரிந்துவிடுகிறது. கடையில் தூளை மாற்றினால் முதலில் கண்டுபிடிப்பது நான்தான். மாஸ்டருக்கு இதில் என்மேல் கொஞ்சம் கடுப்பு.

ஆனாலும் அவர் நல்ல மனுஷன். கூட்ட நேரத்தில் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் சர்க்கரையைப் போட்டுக்கொண்டே போவார். என் டம்ளர் மட்டும் நாலு விரல் தள்ளி நிற்கும். அதில் ஸ்பூனே படாது. இரண்டு ஆற்று ஆற்றித் தருவார். வீட்டில் நீலப் பாக்கெட் பால், 3 சதவீதக் கொழுப்பு. கடையில் ஆரஞ்சுப் பாக்கெட், அதில் 6. நூறு மில்லிக்கு அந்தக் கொழுப்பிலேயே 27 கலோரி வித்தியாசம் என்றாலும், கடைக்காரரிடம் போய் பாலை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆபீஸ் பக்கத்தில் ஏசி காபி ஷாப் ஒன்று இருக்கிறது. பத்தோ அதற்கு மேலோ கிளை உள்ள கடைகள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்று 2022 ஜூலையிலிருந்து விதி. அங்கே நான் ஆசையாகக் குடித்துவந்த குளிர்ந்த காபிக்குப் பக்கத்தில் 380 என்றிருந்தது. சர்க்கரை இல்லாமல் கேட்டால், “சார், மிக்ஸ்லயே கலந்து வருது, எடுக்க முடியாது” என்றான் பையன். அங்கே இப்போது பால் சேர்க்காத அமெரிக்கானோ மட்டும்தான். கலோரி என்று சொல்லவே ஒன்றுமில்லை. விலை மட்டும் குறையவில்லை.

சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு மாத்திரையும் ஒரு டப்பா வாங்கிப் பார்த்தேன். நாக்கில் கடைசியில் ஒரு தகரச் சுவை. எடை குறைக்க அதை நம்ப வேண்டாம் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. டப்பா அலமாரியில் கிடக்கிறது.

சரி, குறை? காபியில் ஒரு குறையும் இல்லை. குறை அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. “மாஸ்டர், ஒரு வித்தவுட்” என்று சொன்ன அடுத்த நொடி பெஞ்சில் இருக்கும் அத்தனை தலையும் திரும்பும். “இன்னா தம்பி, உனுக்குமா சுகரு? எவ்ளோ இருக்கு?” இல்லைங்க, சும்மா எடை குறைக்கத்தான் என்றால் நம்ப மாட்டார்கள். வெந்தயத்தை ஊறவை என்பார் ஒருவர், பாகற்காய் ஜூஸ் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் தன் கால் புண் கதையை ஆரம்பிப்பார். காபி ஆறிப்போகும். 14 மாதமாக வாரத்துக்கு இரண்டு தடவையாவது இது நடக்கிறது.

ருசிக்குப் பத்துக்கு ஒன்பது தருவேன். ஆனால் நண்பா, உனக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வீட்டிலேயே குடி. காரணம் நேற்று நடந்தது.

ஹார்பரில் வேலை பார்த்து ரிடையரான பெரியவர் ஒருவர், பாவம், எனக்காக ஆவாரம்பூப் பொடியைப் பொட்டலம் கட்டி எடுத்துவந்து எல்லார் முன்னாலும் கையில் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. “மாஸ்டர், இன்னைக்கு சர்க்கரை போட்டே கொடுங்க, ரெண்டு ஸ்பூன்” என்றேன். பெரியவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். பாயசம் மாதிரி இருந்தது, பாதிக்கு மேல் இறங்கவில்லை. பெரியவர் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“மாத்திரை போட்டுக்கினியா நைனா?”