விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா? சத்தச் சைலன்சர் பற்றி மச்சானுக்கு ஒரு பதில்

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி எழுதியதும் எனக்குக் கோபம் வந்துவிடும். பிறகு நல்லது எதுவும் வாயில் வராது.

ஒட்டுசுட்டானைத் தாண்டி முல்லைத்தீவுப் பக்கம் போகும் வீதியில், வெயில் தணிந்த பிறகு, நாலாம் கியரில் வண்டியை மெல்ல முடுக்கினால் இந்தச் சைலன்சரிலிருந்து ஒரு ஒலி வரும். அதற்குக் காசு கொடுக்கலாம். அடிவயிற்றில் அதிரும் ஒலி. ஓடுவது 150 சிசி பல்சர் என்பதே மறந்துபோகும். எடையும் குறைவு: கழற்றிய பழையதைக் கீழே வைத்துவிட்டு இதைத் தூக்கியபோது வெறும் பால்மாப் பேணியைத் தூக்கியது போல இருந்தது. மழை, சேறு, வயல் வரம்பு எல்லாம் பார்த்துவிட்டது. ஒரு பொட்டுத் துரு இல்லை. வீட்டிலும் ஒரு வசதி உண்டு. வாய்க்கால் பாலத்தில் நான் திரும்பும்போதே மனைவி தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்.

தங்கையின் கணவர் போன கிழமை வவுனியாவிலிருந்து அழைத்தார். இதே சைலன்சரை அங்கே ஒரு கடையில் விலை குறைத்துப் போட்டிருக்கிறார்களாம். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு அவருடைய மகன், என் மருமகன், நச்சரிக்கிறானாம். "நீங்கள் இவ்வளவு காலமாக ஓடுகிறீர்கள், வாங்கிக் கொடுக்கலாமா மச்சான்?" என்று கேட்டார். தொலைபேசியில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. என் சைலன்சரும் அப்போதுதான் திருத்த வேலை முடிந்து வந்திருந்தது. மனம் ஒரு நிலையில் இல்லை.

நான் இதைத் தேடிப் போய் வாங்கவில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அதன் பிறகு கம்பனிச் சைலன்சரின் அடிப்பக்கம் அரிக்கத் தொடங்கியது. ஒட்டினோம், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய வண்டிகளின் விலை ஆகாயத்துக்குப் போனது, உதிரிப்பாகம் தேடுவது தனி வேலையாகிவிட்டது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கேட்டுப் பார்த்தேன்; கம்பனிச் சைலன்சர் எங்கும் இல்லை. கடைக்காரர் காட்டியது இதைத்தான். போட்ட முதல் வாரம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பிடித்தது தேய்ந்தது, ஐந்தாம் கியரில். விசுவமடுவிலிருந்து பரந்தன் சந்தி வரையான ஏ35 வீதியில் மணிக்கு 55 கிலோமீற்றருக்கும் 65க்கும் இடையில் இந்தச் சைலன்சர் முனகத் தொடங்கும். முழக்கம் இல்லை, முனகல். ஒரே சுருதியில், நிறுத்தாமல், தலைக்கவசத்துக்குள் புகுந்துகொண்டு மண்டை ஓட்டில் தங்கிவிடும். ஐம்பதில் போனால் இல்லை; ஆனால் பின்னால் வருகிற பஸ் விடாது. எழுபதைத் தாண்டினாலும் இல்லை. அங்கே பொலிஸார் நிற்பார்கள். ஆக, வேலைக்குப் போகிற மனிதன் இயல்பாக ஓடும் வேகம் எதுவோ, அந்த வேகத்தில்தான் இது முனகும். அலுவலகத்தில் இறங்கி அரை மணி நேரம் கழித்தும் காதுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும்.

காரணம் மர்மமானதல்ல. கம்பனிச் சைலன்சருக்குள் அறைகள் உண்டு. புகையோடு வரும் ஒலியலை அறைக்கு அறை மோதித் திரும்பி, அடுத்து வரும் அலையோடு மோதித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இதற்குள் அறை இல்லை. துளையிட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி நார், வெளியே பளபளப்பான உறை. நார் கீச்சென்ற ஒலியை விழுங்கும். தாழ்ந்த ஒலி அதன் ஊடாகச் சிரித்துக்கொண்டே வெளியே போகும். கடையில் "பேஸ்" என்று பெருமையாக விற்பது இந்தக் குறையைத்தான்.

அடுத்தது வெடிப்பு. வேகமாகப் போய் அக்சிலேட்டரை விட்டால், சிலிண்டருக்குள் எரியாத பெற்றோல் சூடான குழாய்க்குள் வந்து எரியும். இணைப்பில் காற்றுக் கசிவு இருந்தால் இன்னும் நன்றாக எரியும். பொடியன்கள் இதற்காகவே காசு செலவழிக்கிறார்கள். நான் இதை ஒழிக்கக் காசு செலவழித்தேன். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு வயதான அம்மா தார் வீதியோரம் நெல் காயவிட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். நெல்லின்மேல் ஏற்றக்கூடாதென்று நான் வேகத்தைக் குறைத்தேன். இரண்டு முறை வெடித்தது. அவர் நெல்லின் நடுவிலேயே குந்தி இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து சேலையில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டபடி, "ஒன்றுமில்லைத் தம்பி, நீங்கள் போங்கள்" என்றார். 2009க்குப் பிறகு இந்த மண்ணில் ஒரு சத்தம் எந்தக் காதில் எப்படிப் போய் விழும் என்பது கடைக்காரரின் விளம்பர அட்டையில் இல்லை. மறுநாளே கராஜில் இணைப்புக்குப் புதிய கேஸ்கட் போட்டோம். வெடிப்பு குறைந்தது, அடியோடு போகவில்லை.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனை வெள்ளையாக இருந்தது. புகை சுலபமாக வெளியேறுவதால் காற்று கூடி, பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடாகிறது என்றார். காபரேட்டரில் பெற்றோலை விடும் துளை, அதாவது ஜெட், பெரிதாகப் போட்டதும் பிளக் கபில நிறத்துக்குத் திரும்பியது, பெற்றோல் செலவு ஏறியது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று கொடுக்கத் தொடங்கியபோது அந்த ஜெட்டின் விலை எனக்கு முழுதாகப் புரிந்தது.

இனி மருமகன் எடுத்து வைக்கப்போகிற வாதம்: சத்தம் இருந்தால் பாதுகாப்பு, மற்றவர்களுக்கு நாம் வருவது கேட்கும். இதை உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். 1981இல் அமெரிக்காவில் வெளியான ஹரி ஹர்ட்டின் ஆய்வு, லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. ஓட்டுநருக்கு வந்த ஆபத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் முன்பக்கத்திலிருந்து வந்திருந்தது. சைலன்சரின் வாயோ பின்னால் பார்க்கிறது. நாம் கடந்து போன பிறகு நம்மைப் பற்றி எல்லோருக்கும் அறிவிக்கிறது, அவ்வளவுதான். இதெல்லாம் வேண்டாம், இரவு ஏ35 வீதியில் தார்ச் சூட்டுக்குப் படுத்திருக்கிற மாடுகளிடம் கேளுங்கள். எத்தனையோ தடவை முறுக்கிப் பார்த்துவிட்டேன். அசைபோடுவதை நிறுத்தியதுகூட இல்லை. நெடுங்கேணிப் பக்கம் யானை நிற்கும் இடத்தில் கதை வேறு. அங்கே அக்சிலேட்டரை விட்ட கணத்தில் சைலன்சர் வெடித்தால் என்ன நடக்கும் என்பதைச் சோதித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஒழுங்கான சைலன்சர் இல்லாமல் ஓடுவது குற்றம் என்பதை ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் எடுத்த எவரும் அறிவார். 1996இல் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்கின்றன. ஆனால் அவை அரிசி ஆலை போன்ற இடங்களின் எல்லையில் நின்று அளக்கிற எண்கள். ஆலை ஓரிடத்தில் நிற்கும், அளக்கலாம். இரவு பத்து மணிக்கு ஒழுங்கைக்குள் போகும் பல்சரை யார் அளப்பது? ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். சைலன்சருக்குள் குழாயை விட்டுக் காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். சத்தத்தை அளப்பதில்லை. என் வண்டியை முடுக்கச் சொன்ன இளைஞர் ஒரு காதைப் பொத்திக்கொண்டே சித்திப் பத்திரத்தை நீட்டினார்.

2025 தொடக்கத்தில் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தோடு பொலிஸார் பஸ், ஓட்டோக்களின் மேலதிக அலங்காரங்களைக் கழற்ற ஆரம்பித்தபோது சைலன்சர் பேச்சும் சூடுபிடித்தது. ஒரு சந்தியில் என்னையும் மறித்தார்கள். அங்கே கருவி இல்லை. முடுக்கச் சொன்னார்கள், முகத்தைச் சுளித்தார்கள், போகச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்ற பொடியனுக்குத் தண்டப் பத்திரம். அவனுடையதும் என்னுடையதும் ஒரே சைலன்சர். என் தலைமயிர் நரைத்திருக்கிறது, அவன் வண்டி சிவப்பு. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அளக்க முடியாது என்றில்லை. சைலன்சர் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில், 45 பாகைச் சாய்வில் ஒலிவாங்கியை வைத்து, எஞ்சினைக் குறித்த சுற்றில் பிடித்து அளக்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. ஒஸ்ரியாவின் ரிரோல் மாநிலம் 2020 ஜூன் முதல் சில மலை வீதிகளில், இப்படி அளந்து பதிவான எண் 95 டெசிபலுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களைக் கோடையில் விடுவதில்லை. இந்தியாவில் 80 முதல் 175 சிசி வரையான வண்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போது 77 டெசிபலைத் தாண்டக்கூடாது. அது ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைத் தூரத்தில் வைத்து அளப்பது. 95ஐயும் 77ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். பத்து டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும் என்பதை மட்டும் மனதில் வைத்தால் போதும். பாரிஸில் இருக்கும் சித்தப்பாவின் மகன் 2022இல் அங்கே பரீட்சார்த்தமாகப் பொருத்திய ஒலி ராடாரின் படத்தை அனுப்பியிருந்தான். எந்த வண்டி கத்துகிறது என்று கண்டுபிடித்து இலக்கத் தகட்டைப் படமெடுக்குமாம். எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். சந்தியில் நிற்பவரின் கையில் ஒரு மீற்றர் கொடுத்தால் நரைத்த மயிருக்கும் தண்டம் விழும். கொண்டுவந்து விற்பவரை விட்டுவிட்டு, வாங்கிப் பூட்டியவனை மட்டும் மறிப்பது எந்த ஊர் நியாயம்?

நியாயம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடிய ஐந்து மணிக்கு லாண்ட்மாஸ்டர், அந்த இருசில்லு உழவு இயந்திரம், என் சைலன்சரைவிடக் கூடச் சத்தத்தோடு வயலுக்குப் போகிறது. யாரும் முணுமுணுப்பதில்லை, அது சோறு போடும் சத்தம். போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் எழுப்பிய சத்தத்தையும் புகையையும் இதே சனம்தான் பொறுத்துக்கொண்டது. கோயில் ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாதென்று உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னது. எந்தத் திருவிழாவில் அது நினைவுக்கு வந்தது? ஆகவே மோட்டார் சைக்கிள் பொடியன்கள்தான் வன்னியின் தூக்கத்தைக் கெடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் லாண்ட்மாஸ்டர் வைத்தியசாலை மதிலோரம் நின்று தேவையில்லாமல் முறுக்குவதில்லை.

திருத்த வேலைக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகச் சத்தம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. தினமும் ஏறி இருப்பவனுக்கு அது தெரியாது. மெக்கானிக் உறையின் ரிவிற்றுகளை அறுத்து உள்ளே இருந்ததை வெளியே இழுத்தார். கண்ணாடி நார் என்று ஒன்று இல்லை. கறுத்த தூள் ஒரு பிடி, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் எரிந்து வீதியில் போய்விட்டது. முதலில் குழாயைச் சுற்றிப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், அதன்மேல் புதிய கண்ணாடி நார், இறுக்கிக் கட்டிப் புதிய ரிவிற்று அடித்தார். சத்தத்தைக் குறைக்க டிபி கில்லர் என்று கடையில் தந்த சிறிய குழாயையும் வாயில் செருகி ஆணியை முறுக்கினார். பொடியன்கள் அதை இருக்கைக்குக் கீழே வைத்திருப்பார்கள். சந்தி வருமுன் நிறுத்திப் பூட்டுவார்கள், சந்தி கழிந்ததும் கழற்றுவார்கள்.

பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தேநீர் தயாராக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை விற்றுவிட்டீர்களா என்று கேட்டார். முனகல் இன்னும் இருக்கிறது, ஆனால் பரந்தன் வரை கூட வருவதில்லை. தர்மபுரத்தோடு நான் அதை மறந்துவிடுகிறேன். இத்தனை காலத்தில் இந்தச் சைலன்சரால் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோசம் அதன் சத்தம் குறைந்ததுதான்.

மச்சான், வாங்கிக் கொடுக்க வேண்டாம். விலை குறைந்தாலும் ஜெட், கேஸ்கட், நார், தண்டம் என்று பின்னால் வருகிற செலவு குறையாது. அவன் கேட்கமாட்டான் என்றால் டிபி கில்லரைப் பூட்டி, கழற்ற முடியாதபடி ஆணியின் தலையைத் தேய்த்துவிட்டுக் கொடுங்கள். ஐந்துக்கு இரண்டு புள்ளி, அதுவும் துருப்பிடிக்காததற்கு.

கம்பனிச் சைலன்சர் இப்போது கடைக்கு வந்திருக்கிறது. விலை கேட்டேன், அறுவடைக் காசு கைக்கு வரட்டும். என்னுடையதைக் கழற்றினால் தன் மகனுக்குத் தருவீர்களா என்று கராஜ்காரர் கேட்டார். விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன்.