1/16 டைகர் டாங்கியில் எஃகு கியர்பாக்ஸும் முறுக்குக் கம்பி சஸ்பென்ஷனும்: மூன்றாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய டாங்கியான டைகரின், ரிமோட்டில் இயங்கும் 1/16 அளவு (பதினாறில் ஒரு பங்கு) மாதிரி ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக ஓட்டிவருகிறேன். வாங்கும்போது அதன் அடிக்கூடு, கியர்பாக்ஸ், சக்கரங்கள், சங்கிலிப்பட்டை ஆகிய அனைத்தும் பிளாஸ்டிக்காகவே இருந்தன. இன்று மேல்கூடும் சில அலங்காரப் பாகங்களும் தவிர அவற்றில் எதுவும் மிச்சமில்லை. இந்த மாற்றங்களை நான் சரியான வரிசையில் செய்யவில்லை. கியர்பாக்ஸை முதலில் மாற்றிவிட்டு, சக்கரங்களின்மேல் வண்டியைத் தாங்கும் வில் அமைப்பான சஸ்பென்ஷனைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓராண்டு தள்ளிப்போட்டேன். அந்த ஓராண்டில் உடைந்த பாகங்களின் கதைதான் இந்தப் பகிர்வின் பெரும்பகுதி.

முதலில் கியர்பாக்ஸை மாற்றியதற்குக் காரணம் எளிமையானது. பிளாஸ்டிக் சங்கிலிப்பட்டை அடிக்கடி அறுந்ததால் உலோகச் சங்கிலிப்பட்டைக்கு மாறினேன். அதன் எடையைத் தாங்காமல் இரண்டே மாதத்தில் வலப்பக்க கியர்பாக்ஸின் இரண்டாவது பற்சக்கரத்தில் மூன்று பற்கள் மழுங்கிவிட்டன. உண்மையான டைகரில் ஒரே இன்ஜினின் விசையைத் திருப்பும் அமைப்பு ஒன்று இருபுறமும் பகிர்ந்தளித்தது. நம் மாதிரியிலோ ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி மோட்டாரும் தனித்தனி கியர்பாக்ஸும் இருக்கின்றன. ஒரு பக்கத்தை நிறுத்தியோ பின்னோக்கி ஓட்டியோதான் வண்டியைத் திருப்புகிறோம். நின்ற இடத்திலேயே சுழலும்போது பட்டையின் நீளம் முழுவதும் தரையில் பக்கவாட்டாக உரசுவதால், அந்தச் சில நொடிகளில்தான் பற்களின்மீது மிகுந்த சுமை ஏறுகிறது. நேராக ஓட்டும்போது ஆண்டுக்கணக்கில் உழைக்கக்கூடிய பிளாஸ்டிக் பல், கம்பளத்தின்மேல் பத்து முறை சுழற்றினால் போய்விடும்.

எஃகு கியர்பாக்ஸ் என்று விற்கப்படும் எல்லாவற்றிலும் எல்லாப் பற்சக்கரங்களும் எஃகினால் ஆனவை அல்ல. நான் முதலில் வாங்கிய இணையைத் திறந்து காந்தத்தை வைத்துப் பார்த்தபோது, நான்கில் இரண்டு சக்கரங்கள் மட்டுமே காந்தத்தில் ஒட்டின. மற்றவை துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. வார்ப்புச் சக்கரம் பிளாஸ்டிக்கைவிட வலுவானதுதான் என்றாலும், எஃகுப் பல்லோடு உரசும்போது அது சாம்பல் நிறத் தூளாகத் தேய்ந்து கிரீஸில் கலந்து, பிற பற்களையும் அரம்போல் அராவத் தொடங்குகிறது. அந்த இணையை ஐந்து மாதத்தில் கழற்றிவிட்டு, எல்லாச் சக்கரங்களும் எஃகாகவும் எல்லாத் தண்டுகளும் பால் பேரிங்கில் சுழல்வதாகவும் உள்ள இன்னோர் இணைக்கு மாறினேன். இன்றுவரை ஓடுவது அதுதான். வாங்குபவர்கள் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதை நம்புவதைவிடச் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருப்பது நல்லது.

பொருத்துவதற்கு முன் செய்த வேலைகளே நீண்ட காலப் பயனைத் தந்தன என்று கருதுகிறேன். ஆலையில் பூசியிருந்த கிரீஸை மண்ணெண்ணெயில் முழுவதும் கழுவி நீக்கி, உலோகத் தூள் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பற்களுக்கு லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசினேன். மோட்டார்த் தண்டிலுள்ள சிறிய பற்சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் இடையே ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செருகி, மோட்டாரை நெருக்கித் திருகுகளை இறுக்கிய பின், சக்கரத்தைக் கையால் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுக்க வேண்டும். காகிதம் மடிப்புகளோடு கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. கிழிந்து வந்தால் பற்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன. பிறகு இரண்டு கியர்பாக்ஸ்களையும் வண்டிக்கு வெளியே வைத்து, குறைந்த வோல்ட்டில் முன்னும் பின்னுமாக ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொன்றும் இழுக்கும் மின்னோட்டத்தை மீட்டரில் பார்த்தேன். இடது 0.5 ஆம்பியர் இழுத்தபோது வலது 0.8 இழுத்தது. பிரித்துப் பார்த்ததில் ஒரு பேரிங் தன் குழியில் கோணலாக அமர்ந்திருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்யாமல் பொருத்தியிருந்தால் வண்டி எப்போதும் வலப்பக்கமாக ஒதுங்கியிருக்கும். நானும் அதை ரிமோட்டின் டிரிம்மில் (திசையை நேர்செய்யும் அமைப்பில்) மறைத்துவிட்டு, மோட்டார் ஏன் சூடாகிறது என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருப்பேன்.

வேகக் குறைப்பு அதிகமுள்ள கியர்பாக்ஸையே தேர்ந்தெடுத்தேன். முன்பு வண்டி ஒரு மனிதர் வேகமாக நடப்பதற்கு ஈடாக ஓடும். இப்போது முழு வேகத்தில் 3 மீட்டர் தூரத்தைக் கடக்க 5 நொடி ஆகிறது. அதாவது நொடிக்கு 0.6 மீட்டர். அதை 16 ஆல் பெருக்கினால் மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வருகிறது. உண்மையான டைகர் நல்ல சாலையில் ஓடிய வேகத்துக்கு இது அருகில் நிற்கிறது. பந்தய வண்டிபோல் ஓட வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் மெதுவாக ஊர்ந்து ஒரு கல்லின்மேல் ஏறி நிற்கும்போது மோட்டார் திணறாமல் இருப்பது இந்தக் குறைப்பினால்தான். சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்: எஃகுப் பற்கள் பிளாஸ்டிக்கைவிடக் கூடுதலாக இரைகின்றன, ஒலிபெருக்கியிலிருந்து வரும் இன்ஜின் ஒலியை அந்த இரைச்சல் பாதி மூழ்கடித்துவிடுகிறது. மூன்றாண்டுக்குப் பின்னும் இது எனக்கு முழுதாகப் பழகவில்லை.

இனி வலுவான கியர்பாக்ஸ் என்ன செய்தது என்பதற்கு வருகிறேன். பல் உடைவது நின்றது. ஆனால் பல்லில் உடைந்துகொண்டிருந்த விசை அடுத்திருந்த பலவீனமான இடத்தைத் தேடிச் சென்றது. முதலில் கியர்பாக்ஸைத் தாங்கிய பிளாஸ்டிக் தூண்களில் திருகுப் புரி கழன்றது. அடுத்து, பட்டையைப் பற்களால் இழுக்கும் ஸ்பிராக்கெட் சக்கரத்தின் மையத் துளை, தண்டைப் பற்ற முடியாதபடி வட்டமாகத் தேய்ந்தது. எட்டாவது மாதத்தில், பட்டை பின்னால் சுற்றித் திரும்பும் ஐட்லர் சக்கரத்தின் தாங்கி விரிசல் விட்டது. இந்தக் கடைசி முறிவுக்குக் காரணம் சற்று நுட்பமானது. டைகரில் ஸ்பிராக்கெட் முன்புறம் இருப்பதால், முன்னோக்கி ஓடும்போது பட்டையின் மேற்பகுதி முழுவதும் இழுபட்டு நிற்கிறது. அந்த இழுவிசை ஐட்லரைச் சுற்றி மேலிருந்தும் கீழிருந்தும் செயல்படுவதால், அதன் தாங்கியின்மேல் கிட்டத்தட்ட இருமடங்கு விசை விழுகிறது. பின்னோக்கி ஓடும்போது தளர்ச்சி மேற்பகுதிக்கு வந்துசேர்வதால், பின்னால் வந்துகொண்டே திருப்பும்போது பட்டை ஸ்பிராக்கெட்டிலிருந்து கழன்றுவிடும். கழல்கிறதே என்று பட்டையை இறுக்கினேன். இறுக்கியதால் தாங்கி விரிந்தது. என் தவறு அதுதான். டைகரில் பட்டையின் மேற்பகுதியைத் தாங்கத் தனி உருளைகள் இல்லை; அது தொய்ந்து தரைச் சக்கரங்களின் தலையில் படிந்து ஓடுவதற்காகவே அமைக்கப்பட்டது. தொய்வை நீக்க முயல்வது வண்டியின் இயல்புக்கு எதிரானது.

இத்தனைக்கும் அடியில் இருந்தது சஸ்பென்ஷன் பிரச்சினை. பிளாஸ்டிக் வண்டிக்கென்று கணக்கிடப்பட்ட சிறு சுருள் வில்கள், எஃகு கியர்பாக்ஸ்களும் உலோகப் பட்டையும் சேர்ந்த எடையில் முற்றிலும் அமுங்கிவிட்டன. கியர்பாக்ஸ்கள் மூக்குப் பகுதியிலேயே அமர்ந்திருப்பதால் வண்டி முன்பக்கம் 5 மி.மீ. தாழ்ந்து, முன் சக்கரங்கள் அசைய இடமில்லாமல் தடுப்பில் முட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு மேடும் பள்ளமும் வில்லில் அடங்காமல் நேராகக் கூட்டுக்கும் ஸ்பிராக்கெட் தண்டுக்கும் அடியாகச் சென்றன. ஆகவே கியர்பாக்ஸை மாற்றும் நாளிலேயே சஸ்பென்ஷனையும் மாற்றுவதுதான் முறை. என்னைப்போல் ஓராண்டு காத்திருப்பது, பாகங்களை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழி.

உலோக அடிக்கூடு ஒன்றை வாங்கி, சுருள் வில்லுக்குப் பதிலாக, முறுக்கப்படும்போது வில்போல் எதிர்க்கும் முறுக்குக் கம்பிகளைப் பொருத்தினேன். உண்மையான டைகரிலும் முறுக்குத் தண்டுகள்தாம்: பக்கத்துக்கு எட்டு வீதம் பதினாறு தண்டுகள் கூட்டின் அகலம் முழுவதும் குறுக்கே படுத்திருந்தன. இரு பக்கத் தண்டுகளும் அடுத்தடுத்துப் படுக்க வேண்டியிருந்ததால், ஒரு பக்கத்துச் சக்கரக் கைகள் (சக்கரத்தைத் தண்டோடு இணைப்பவை) முன்னோக்கியும் மறுபக்கத்தவை பின்னோக்கியும் அமைந்தன. மாதிரியிலும் அதே ஏற்பாட்டைப் பின்பற்றினால் ஒவ்வொரு கம்பிக்கும் சுமார் 110 மி.மீ. நீளம் கிடைக்கிறது. நான் பயன்படுத்தியது பியானோ கம்பி எனப்படும் வில் எஃகு. இதை வளைக்கும்போது நெருப்பில் காட்டக்கூடாது. சூடுபட்டால் அதன் வில் தன்மை போய், சாதாரணக் கம்பியாகிவிடும்.

கம்பியின் தடிமன்தான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுவதால், 2 மி.மீ. கம்பியை 1.6 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 41 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது, தடிமனில் 0.2 மி.மீ. வித்தியாசம்கூட வண்டியின் குணத்தை மாற்றிவிடும். முதலில் 2 மி.மீ. கம்பிகளைப் பொருத்தியபோது வண்டி தன் எடையில் 2 மி.மீ. அளவே தாழ்ந்தது, சக்கரங்கள் அசைவதே தெரியவில்லை. 1.5 மி.மீ. கம்பியில் தடை ஏறி இறங்கும்போது மூக்கு தரையைத் தொட்டது. இறுதியில் நடுவிலுள்ள ஆறு இணைகளுக்கு 1.6 மி.மீ., முதல் இணைக்கும் கடைசி இணைக்கும் 1.8 மி.மீ. என்று அமைத்தேன். இப்போது ஏறத்தாழ 7 கிலோ எடையுள்ள வண்டி, நடுச் சக்கரங்களில் 6 மி.மீ. தாழ்ந்து, மேலும் 6 மி.மீ. அசைய இடம் விட்டு நிற்கிறது.

இதில் ஒரு சிக்கல் பின்னர்தான் புலப்பட்டது. இரு முனைகளும் விறைப்பாக இருந்தால் பிரேக் போடும்போது வண்டி தலைகுனிவது குறையும். ஆனால் எடை முனைகளில் கூடும்போது, நின்ற இடத்தில் திருப்புவது கடினமாகிவிடுகிறது. நீண்ட பலகையின் எடை இரு நுனிகளிலும் குவிந்திருந்தால் அதைத் தரையில் சுழற்றுவது எவ்வளவு கடினமோ அப்படி. முதல் வாரத்தில் கம்பளத்தின்மேல் திருப்பும்போது மின்னோட்டம் 9 ஆம்பியரைத் தொட்டு, கட்டுப்பாட்டுப் பலகை தன்னைத்தானே துண்டித்துக்கொண்டது. முதல் மற்றும் கடைசிச் சக்கரக் கைகளின் தொடக்கக் கோணத்தைச் சற்றே தூக்கி, அந்தச் சக்கரங்கள் மற்றவற்றைவிட 1 மி.மீ. உயரத்தில் இருக்கும்படி அமைத்தபின், சமதளத்தில் எடை நடுச் சக்கரங்களுக்கு நகர்ந்தது. மின்னோட்டமும் 6 ஆம்பியருக்குள் அடங்கியது. தலைகுனியும்போது மட்டும் முனைக் கம்பிகள் முழு வேலைக்கு வருகின்றன. இந்த ஒரு மில்லிமீட்டருக்காக வண்டியை நான்கு முறை பிரித்துப் பூட்டினேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி அமைந்த டைகரின் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அது எத்தகைய வேலை என்று தெரியும்: உள்ளே ஒரு சக்கரத்தைத் தொட வேண்டுமானால் வெளியே பலவற்றை எடுக்க வேண்டும்.

ஆடி அடங்கும் விதத்தைப் பற்றியும் ஓர் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நீளம் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும்போது புவியீர்ப்பு சுருங்குவதில்லை. ஆகையால் மிகச் சரியாக அளவு குறைக்கப்பட்ட மாதிரிகூட உண்மையானதைவிட நான்கு மடங்கு வேகமாக ஆடும். எடைக்கும் இதே கதைதான்: உண்மையான டைகரின் 57 டன்னை 4096 ஆல் (16 × 16 × 16) வகுத்தால் சுமார் 14 கிலோ, நம்முடையது அதில் பாதி. எனவே பழைய காணொளிகளில் காணும் அந்தக் கனத்த, நிதானமான அசைவை எந்தக் கம்பியாலும் முழுமையாகக் கொண்டுவர இயலாது. கைகளின் சுழல் அச்சுகளில் கெட்டியான சிலிக்கான் கிரீஸ் தடவியது ஓரளவு உதவியது. வண்டி மேட்டிலிருந்து இறங்கியபின் இரண்டு முறை குலுங்குவதற்குப் பதில் ஒரே முறையில் அடங்குகிறது.

பராமரிப்பில் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் மாற்றுகிறேன். உலோகத்தோடு உலோகம் சேரும் திருகுகளுக்குக் கழற்றக்கூடிய வகைத் திருகுப்பசை போதும். ஆனால் அந்தப் பசை பிளாஸ்டிக்கில் வழிந்தால் விரிசல் விழும், ஆகவே மேல்கூட்டின் அருகே அதைக் கொண்டுபோவதில்லை. ஸ்பிராக்கெட்டைப் பிடிக்கும் திருகை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் சோதிக்கிறேன். பேட்டரி இரண்டு செல் லித்தியம் வகை, செல்லுக்கு 3.3 வோல்ட் வந்ததும் நிறுத்திவிடுகிறேன்.

கடந்த மாதம் கியர்பாக்ஸ்களை மறுபடி திறந்தேன். எஃகுப் பற்களில் மெருகு ஏறியிருந்ததே தவிர, விரல்நகத்தில் தட்டுப்படும் தேய்மானம் இல்லை. இடப்பக்க வெளித்தண்டின் பேரிங்கில் மட்டும் மணல் புகுந்து சரசரக்கிறது. அதை மாற்ற வேண்டும். முறுக்குக் கம்பிகளில் வலப்பக்கம் மூன்றாவது மட்டும் நிரந்தரமாக அரை மி.மீ. தொய்ந்திருக்கிறது. அது நான் முதல் நாள் பொறுமையிழந்து நெருப்பில் காட்டி வளைத்த கம்பி.